நினைவு நாணயமும் நுமிஸ்டாவும்: அடையாளம் காட்டும், விலை சொல்லுமா?

முதலிலேயே சொல்லிவிடலாம். குடியரசு இந்தியாவின் நினைவு நாணயம் ஒன்று கையில் இருக்கிறது, அது எது என்று தெரியவேண்டும் என்றால் நுமிஸ்டாவைவிடத் தோதான இலவசத் தளம் இப்போதைக்கு இல்லை. எவ்வளவு பெறும் என்று தெரியவேண்டும் என்றால் அதே தளம் பாதி வழிவரைதான் கூட வரும். மீதிக்கு ஒரு தராசு, ஒரு காந்தம், ஒரு உருப்பெருக்கி, கொஞ்சம் பொறுமை ஆகியவை உங்களிடம் இருக்கவேண்டும்.

நுமிஸ்டா பிரான்ஸிலிருந்து இயங்கும் நாணயப் பட்டியல். உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்களே தகவலைச் சேர்க்கிறார்கள்; பொறுப்பாளர்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகே அது ஏறும். ஒவ்வொரு நாணய வகைக்கும் ஓர் எண், ஒரு பக்கம். அதில் உலோகம், எடை, விட்டம், வடிவம், விளிம்பு, இரு பக்கப் படங்கள், எழுத்துகள் எல்லாம் இருக்கும். கீழே ஆண்டுவாரியாக, நாணயச் சாலைவாரியாக (நாணயம் அச்சான இடம்) ஓர் அட்டவணை. கணக்கு தொடங்கினால் உங்களிடம் உள்ளதைப் பதிந்து வைக்கலாம், மற்றவர்களோடு மாற்றிக்கொள்ளலாம். தமிழ் இடைமுகம் கிடையாது. இந்திய நாணயங்களில் ஆங்கில எழுத்தும் இருப்பதால் அது பெரிய தடை இல்லை.

தேடும்போது ஆட்பெயரை நம்பாதீர்கள். 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்கு திருவள்ளுவர் உருவத்தோடு 1, 2, 5 ரூபாய் நாணயங்கள் வந்தன. திருவள்ளுவர் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். ஓர் எழுத்து பிசகினால் தேடல் வெறுங்கையோடு திரும்பும். மாநாட்டுப் பெயரில் உள்ள ‘தமிழ்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் இட்டு, நாடு இந்தியா என்று வைத்தால் மூன்றும் எட்டிப் பார்க்கும். எழுத்தே தேய்ந்துபோன நாணயம் என்றால் முகமதிப்பு, உலோகம், விட்டம் ஆகியவற்றைக் கொடுத்து வடிகட்டலாம். பதினொரு பக்க 2 ரூபாயா, வட்டமா என்ற ஒன்றே பட்டியலைப் பாதியாக்கிவிடும்.

ஆண்டுதான் முதல் பொறி. 1969இல் வந்த காந்தி நூற்றாண்டு நாணயங்களில் அச்சான ஆண்டு எங்கும் இல்லை, 1869–1948 என்று மட்டுமே இருக்கும். 1964இல் வந்த நேரு நாணயத்தில் 1889–1964. ‘1948ஆம் ஆண்டுக் காந்தி காசு’, ‘1869ஆம் ஆண்டுக் காசு’ என்றெல்லாம் விளம்பரங்களில் வருவது இதனால்தான். ஆண்டைக் கொடுத்துத் தேடினால் தவறான இடத்துக்குப் போவீர்கள். ஆண்டு பொறிக்கப்படாதது என்ற குறிப்போடு நுமிஸ்டா அவற்றை வெளியான ஆண்டின்கீழ் வைத்திருக்கிறது. பார்க்கச் சின்ன விஷயம். நடைமுறையில் பல குழப்பங்கள் இதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது உலோகம். இந்தத் தளத்தின் உண்மையான பலம் இங்கேதான் தெரிகிறது. 5 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 முதல் வந்த 5 ரூபாய் செம்பும் நிக்கலும் கலந்தது: 9 கிராம், 23 மில்லிமீட்டர், விளிம்பின் நடுவே பள்ளம் ஓடும். பிறகு துருப்பிடிக்காத எஃகுக்கு மாறினார்கள். விட்டம் அதே 23, எடை 6 கிராம். 2009 வாக்கில் மஞ்சள் நிற நிக்கல் பித்தளை வந்தது, அதுவும் 6 கிராம். 2003இன் காமராஜர் நூற்றாண்டு 5 ரூபாய் கனமான வகை. 2009இன் அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய் மஞ்சள் வகை, அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தோடு. இவற்றில் குழப்பம் வராது. குழப்பம் எல்லாம் இடைப்பட்ட ஆண்டுகளில். 2005 என்று போட்ட தண்டி யாத்திரை 75ஆம் ஆண்டு 5 ரூபாய் செம்பு நிக்கலிலும் இருக்கிறது, எஃகிலும் இருக்கிறது. படமெடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே நாணயம். பட்டியலில் இரண்டும் வேறு வேறு, சந்தையிலும் வேறு வேறு.

பிரித்தறிய அரை நிமிடம் போதும். காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். ஒட்டினால் எஃகு, ஒட்டாமல், தராசில் 9 கிராம் காட்டினால் செம்பு நிக்கல். ஆனால் காந்தத்தை மட்டும் வைத்து எஃகு என்று முடிவு கட்டக்கூடாது. 1964இன் நேரு 1 ரூபாயும் 1969இன் காந்தி 1 ரூபாயும் சுத்த நிக்கல், 10 கிராம், 28 மில்லிமீட்டர். நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். ‘காந்தத்தில் ஒட்டுகிறது, அதனால் போலி’ என்று நல்ல நாணயத்தை ஓரங்கட்டுபவர்கள் உண்டு. 1969இன் மஞ்சள் நிறக் காந்தி 20 பைசாவுக்கு நேர் எதிர் தலைவிதி: அலுமினியம் கலந்த வெண்கலத்தைத் தங்கம் கலந்தது என்று விற்கிறார்கள். அதில் தங்கம் துளியும் இல்லை.

தராசு 0.01 கிராம் காட்டுவதாக இருக்கட்டும். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். சரிபார்க்க எடைக்கல் இல்லாவிட்டால் 2011 வரிசையில் வந்த, அதிகம் தேயாத 5 ரூபாயை வையுங்கள், 6.00 ஒட்டி வரவேண்டும். அதே வரிசையின் 1 ரூபாய் 3.79, 2 ரூபாய் 4.85. தேய்ந்த நாணயம் கொஞ்சம் குறைவாகக் காட்டுவது இயல்புதான். அளவுக்கு மேல் கனமாகக் காட்டினால்தான் யோசிக்கவேண்டும். மின்விசிறிக்குக் கீழே வைத்து எடை பார்க்காதீர்கள், இரண்டாம் தசமம் ஆடிக்கொண்டே இருக்கும்.

நாணயச் சாலைக் குறிக்கு 10 மடங்கு உருப்பெருக்கி வேண்டும். குறி பெரும்பாலும் ஆண்டின் கீழே இருக்கும். மும்பைக்கு வைரம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்கு எதுவுமில்லை. பழைய ஐதராபாத் நாணயங்களில் பிளந்த வைரமும் நடுவில் புள்ளி வைத்த வைரமும் வரும். சேகரிப்பாளர்களுக்கென்றே பளபளப்பாக அச்சிடும் ப்ரூஃப் நாணயங்களில் மும்பைக்கு பி அல்லது எம் என்ற ஆங்கில எழுத்து. ஒரே நினைவு நாணயம் மூன்று சாலைகளில் அச்சாகியிருக்கலாம், ஒன்று மற்றதைவிட அரிதாக இருக்கலாம். இதில் அதிகம் ஏமாற்றுவது கொல்கத்தா. குறி இல்லாததே அதன் குறி என்பதால், புள்ளி தேய்ந்த நொய்டா நாணயமும் அழுக்கில் வைரம் மறைந்த மும்பை நாணயமும் கொல்கத்தா வேடம் போடும். விளக்கை நேர் மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். புள்ளி இருந்த இடம் நிழலாகத் தெரியும். அப்படியும் தெளியவில்லை என்றால் அதிக விலையுள்ள பிரிவில் பதிய வேண்டாம்.

நுமிஸ்டாவின் அட்டவணை இந்தக் குறிகளைப் படத்தோடு பிரித்துக் காட்டுகிறது. பக்கத்திலேயே ஒரு சதவீதம் இருக்கும். அந்த வகையை வைத்திருக்கும் உறுப்பினர்களில் எத்தனை சதவீதம் பேரிடம் குறிப்பிட்ட ஆண்டும் குறியும் கொண்ட நாணயம் உள்ளது என்பதே அதன் பொருள். ஒரு வரியில் 60, இன்னொரு வரியில் 4 என்று இருந்தால் எது கிடைக்காது என்று கண்ணுக்கே தெரியும். பக்கத்தின் மேலே 0 முதல் 100 வரை அருமைக் குறியீடு ஒன்றும் உண்டு. 0 என்றால் எங்கும் கிடைப்பது, 100 என்றால் மிக அரிது. இதைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. நுமிஸ்டா உறுப்பினர்களிடையே அரிது என்பது மட்டுமே கணக்கு. உறுப்பினர்களில் வெளிநாட்டவர் நிறைய. நம்மூர் வியாபாரியிடம் டப்பா நிறைய இருக்கும் நாணயம் அங்கே அரிதாகக் காட்டலாம். அச்சான எண்ணிக்கைக்கு என்று ஒரு பத்தி இருக்கிறது. இந்திய நினைவு நாணயங்களுக்கு அது பல இடங்களில் காலி. அதைத் தளத்தின் குற்றமாகச் சொல்ல முடியாது.

நாணயமே அல்லாதவற்றையும் இந்தத் தளம் தனியாக வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ ஒரு பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி 1818, யு.கே.எல். ஒரு அணா என்று மறுபக்கம் இருக்கும் செம்புக் காசைப் பல வீட்டுப் பூஜையறைகளில் பார்க்கலாம். கம்பெனி அப்படியொரு காசு அடித்ததே இல்லை. அது கோயில் வில்லை (டோக்கன்), பிற்காலச் சரக்கு. அரிசியை இழுக்கும் இரிடியம் என்று சொல்லி லட்சக்கணக்கில் பணம் பறிக்கும் மோசடிக்கும் இதே வில்லைதான் கருவி. நுமிஸ்டாவில் இது நாணயப் பிரிவில் வராது, வில்லைகள் பிரிவில்தான் வரும். வீட்டில் யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும், வாதம் செய்யவேண்டாம்.

விலைக்கு வருவோம். அட்டவணையில் தேய்மான நிலைக்குத் தக்கபடி பல பத்திகளில் விலை வரும். விலையை ரூபாய்க்கு மாற்றியும் பார்க்கலாம். உறுப்பினர்களின் மதிப்பீட்டையும் இணைய விற்பனைகளையும் வைத்துப் போட்ட வழிகாட்டு விலை, வாங்க விற்க இதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள் என்று தளமே சொல்லிவிடுகிறது. நேர்மைதான். ஆனால் அந்த வரியைப் படிப்பவர் குறைவு. பலர் நேராகக் கடைசிப் பத்தியின் எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிடுகிறார்கள். கடைசிப் பத்தி கை படாத நாணயத்துக்கு. சட்டைப்பையில் பத்து வருடம் புரண்ட 5 ரூபாய்க்கு முதல் பத்தி, சில சமயம் அதுகூட இல்லை.

நிலையைக் கணிக்க எளிய வழி, முதலில் தேயும் மேட்டைப் பார்ப்பது. உருவம் உள்ள பக்கத்தில் கன்னம், காது, முடி. மறுபக்கத்தில் நடுச் சிங்கத்தின் பிடரியும் நெஞ்சும். பிடரி இழை இழையாகத் தெரிந்து, நாணயத்தைச் சாய்த்தால் பளபளப்பு சக்கரம்போலச் சுழன்று வந்தால் கை படாதது. இழை தெரிந்தும் மேட்டில் மட்டும் ஒளி மங்கியிருந்தால் ஒரு படி கீழே. பிடரி மழுங்கி ஒரே கட்டியாகிவிட்டால் புழங்கியது. அதற்குப் பெரும்பாலும் முகமதிப்புதான். காமராஜர், அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய்கள் இரண்டும் புழக்கத்துக்கும் வந்தவை. சில்லறையில் கிடைத்த தேய்ந்த நாணயம் 5 ரூபாய்தான் பெறும். இதைச் சொன்னால் கோபப்படுகிறவர்கள் உண்டு, ஆனாலும் அதுதான் நிலவரம்.

வைஷ்ணவ தேவி படம் பொறித்த 2012இன் 5, 10 ரூபாய்க்கு லட்சங்கள் என்று சுற்றும் விளம்பரங்களும் இதே ரகம். முன்பணம், பதிவுக் கட்டணம், வரி என்று உங்களிடமிருந்து பணம் வாங்குவதுதான் அங்கே தொழில். ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லி இப்படி நடப்பதாக 2021 ஆகஸ்டில் எச்சரிக்கையே வெளியிட்டது. நாணயம் வாங்குகிறவர் விற்பவரிடம் பணம் கேட்கவேண்டிய அவசியம் எந்தக் கட்டத்திலும் கிடையாது.

வெள்ளி நாணயங்களில் விலைக்கு ஓர் அடித்தளம் கிடைக்கிறது. நுமிஸ்டா எடையையும் வெள்ளியின் விகிதத்தையும் தருவதால் கணக்கு சுலபம். 1969இன் காந்தி 10 ரூபாய்: 15 கிராம், 80 சதவீதம் வெள்ளி, ஆக 12 கிராம். 1972இன் சுதந்திர வெள்ளிவிழா 10 ரூபாய்: 22.5 கிராம், 50 சதவீதம், ஆக 11.25 கிராம். கையில் கனமாக இருப்பதில்தான் வெள்ளி குறைவு. 2017இன் எம்.ஜி.ஆர். 100 ரூபாயும் 2023இன் புதிய நாடாளுமன்ற 75 ரூபாயும் 35 கிராம், 44 மில்லிமீட்டர், பாதி வெள்ளி, மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும், ஆக 17.5 கிராம். வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்தால் முதலாவது 1200, கடைசி இரண்டும் 1750. அன்றைய விலையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். இது தரைமட்டம் மட்டுமே; பெட்டியும் சான்று அட்டையும் கலையாத ப்ரூஃப் தொகுப்பு இதற்கு மேலே போகும். உருக்கிக் காசாக்கலாம் என்று நினைக்கவேண்டாம், 2011 நாணயச் சட்டப்படி நாணயத்தை உருக்குவதும் உடைப்பதும் குற்றம்.

வெள்ளியா என்று சந்தேகம் வந்தால் உரசிப் பார்க்காதீர்கள், நாணயம் கெடும். தண்ணீரில் சோதிக்கலாம். தராசில் அரை டம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் நாணயத்தைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுதாக முக்குங்கள். தராசு காட்டுவது நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. 15 கிராம் காந்தி 10 ரூபாய்க்கு 1.48 அளவில் வரவேண்டும். செம்பு நிக்கலில் செய்த போலி என்றால் 1.68 பக்கம் போகும். 35 கிராம் பாதி வெள்ளிக்கு 3.67, போலிக்கு 3.93. நாணயத்தில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடிவிடும், தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். கண்ணாடிபோன்ற ப்ரூஃப் நாணயத்துக்கு இந்தச் சோதனையும் வேண்டாம், எடையும் விட்டமும் போதும்.

சுத்தம் செய்வதுபற்றித் தளத்தில் எதுவும் பெரிதாகக் கண்ணில் படாது. இங்கே நாம் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் புளியும் விபூதியும் பல்பொடியும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. புளி போட்ட செம்பு நிக்கல் நாணயம் இளஞ்சிவப்பாக மாறும். விபூதியும் பல்பொடியும் மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்களைப் போடும். உருப்பெருக்கியில் ஒரே திசையில் ஓடும் கோடுகளைப் பார்த்ததும் வியாபாரி விலையைப் பாதியாக்குவார், அவர் செய்வதும் சரிதான். பசை ஒட்டியிருந்தால் அசிட்டோனில் ஊறவைத்து, துடைக்காமல் காயவிடுங்கள். பச்சைப் படலம் வந்தால் அது பெரும்பாலும் மெத்தென்ற பிளாஸ்டிக் ஆல்பத்தின் வேலை. ஆல்பத்தை மாற்றாமல் நாணயத்தை மட்டும் துடைத்துப் பயனில்லை.

கைபேசியில் படம் எடுத்தால் விலை சொல்லும் செயலிகளோடு ஒப்பிடாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. பெரும்பாலானவை சில நாள் இலவசம் என்று தொடங்கி, வாராந்திர அல்லது ஆண்டுச் சந்தாவைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் வகை. நேரு முகம் தெரிந்தால் நேரு என்று சொல்லிவிடும், அதுவரை சரி. 1964இன் 50 பைசாவில் ஆங்கில எழுத்து வகை, இந்தி எழுத்து வகை என்று இரண்டு இருப்பது, ஆண்டின் கீழுள்ள புள்ளி, எஃகா செம்பு நிக்கலா என்ற வேறுபாடு, இவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன. படத்துக்கு எடையும் தெரியாது, காந்தமும் தெரியாது. அவை காட்டும் விலை வீச்சோ 50 ரூபாய் முதல் 5000 ரூபாய் வரை என்ற ரகம். அதைச் சொல்ல ஒரு செயலி தேவையா?

உண்மை விலைக்கு, நுமிஸ்டா எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு விற்று முடிந்த விலைகளைத் தேடுங்கள். ஈபேயில் விற்றவை மட்டும் என்று வடிகட்டும் வசதி இருக்கிறது. கேட்கும் விலையைப் பார்க்கவே வேண்டாம், யாரும் எதையும் கேட்கலாம். இந்திய ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலைப்பட்டியலை இணையத்தில் வைக்கின்றன. அதில் வாங்குபவர் தரகும் ஜிஎஸ்டியும் சேர்ந்ததா, சேராததா என்று பாருங்கள். அதே நாணயச் சாலை, அதே நிலை என்று நான்கைந்து விற்பனை கிடைத்தால், மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதை எடுங்கள். வியாபாரியிடம் விற்கப்போனால் அதிலிருந்து அவர் லாபம் கழியும். அவரிடம் நாணயத்தின் பெயரோடு உலோகம், எடை, சாலைக்குறி மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேரம் வேறு தொனியில் தொடங்கும்.

குறைகள் என்றால், சில இந்திய நாணயங்களின் படங்கள் மங்கல், சாலைக்குறி தெரியும் அளவுக்கு நெருக்கமான படம் எல்லாப் பக்கங்களிலும் இல்லை. புதிதாக வெளியான வெள்ளி நாணயங்களுக்கு விலைப்பத்தி காலியாகக் கிடக்கும். தமிழ் எழுத்தில் தேடி எதுவும் எடுக்க முடியாது. அடையாளத்துக்கு ஐந்துக்கு நாலரை, விலைக்கு இரண்டரை. வாங்கவேண்டிய பொருள் தராசும் உருப்பெருக்கியும்தான். தளத்துக்குக் காசு கட்டவேண்டியதில்லை.